காதில் கதை, விரலில் வரி

பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை, வாசிக்காமல் தப்பிப்பது அவர்கள் வேலை. இரண்டு தரப்பும் காலை ஏழரை மணிக்கே வேலைக்கு வந்துவிடுகிறோம்.

சிம்பாங் பூலாய் தாண்டி, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது பாதி செம்பனையும் பாதி வீடமைப்புமாக ஆகிவிட்ட இடத்தில் எங்கள் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. நான் தினமும் ஈப்போவிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு போகிறேன். அங்கே எனக்குக் குறைநீக்கல் வகுப்பு. அதாவது, எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளை மற்ற வகுப்புகளிலிருந்து பொறுக்கி என்னிடம் அனுப்புவார்கள். மூன்றாம் ஆண்டு முடிகிறவரைதான் வருவார்கள். நான்காம் ஆண்டுக்குப் போய்விட்டால், வாசிக்கத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பெரிய வகுப்பில்தான் உட்கார்ந்தாக வேண்டும். அதற்குள் ஒரு பிள்ளையை வாசிக்க வைத்துவிட வேண்டுமே என்ற பதைப்பை ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள், வீட்டில் ஒரு பிள்ளையை அரை மணி நேரம் புத்தகத்தின் முன்னால் உட்கார வைத்துப் பாருங்கள். நீங்களும் எங்கள் கூட்டத்தில் சேர்ந்துவிடுவீர்கள்.

தொண்டை போன வாரம்

போன ஆண்டு என் வகுப்பில் ஏழு பிள்ளைகள். ஏழு பேரும் ஏழு வேகம் என்பதால் ஒரே கதையை ஏழு தடவை தனித்தனியாக வாசித்துக் காட்டுவேன். இரண்டே மாதத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வாரம் வாயையே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாயைத் திறக்காத குறைநீக்கல் ஆசிரியையால் யாருக்கு என்ன பயன்?

விடுப்பு எடுக்க மனம் வரவில்லை. இணையத்தில் தேடியபோது ஒரு பூனைக் கதை ஒலிநூலாகக் கிடைத்தது. அதே கதை புத்தகமாக எங்கள் நூலகத்திலும் இருந்தது. பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஒலிநூலைப் போட்டேன். அருமையான குரல், அப்பழுக்கில்லாத உச்சரிப்பு. ஆனால் விறைப்பான வாசிப்பு, அதுவும் மூச்சுவிடாமல். பிள்ளைகள் கையைக் கட்டி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவரும் புத்தகத்தைப் பார்க்கவில்லை. பூனை பாலைக் கொட்டிவிட்டு ஓடுகிற இடத்தில்கூடச் சிரிப்பில்லை. கதை முடிந்ததும் இரண்டாம் ஆண்டு முகிலன் கையைத் தூக்கி ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: "டீச்சர், இவரு நம்மள ஏசுறாரா, இல்ல நியூஸ் வாசிக்கிறாரா?"

எங்கே எழுதியிருக்கு?

தொண்டை திரும்பியதும் நானே பதிவு செய்வது என்று முடிவெடுத்தேன். அதே பூனைக் கதைதான், ஆனால் நம் பிள்ளைகள் காதுக்கு ஏற்ற வேகத்தில். சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில், பழைய மேசைகளின் மேல் கைப்பேசியை வைத்துக்கொண்டு வாசித்தேன். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் கண்ணாடிக் குவளையைக் கரண்டியால் ஒரு தட்டு. முதல் முறை புல் வெட்டும் இயந்திரம் கெடுத்தது. இரண்டாம் முறை ஓய்வு மணி. மூன்றாம் முறை எல்லாம் சரியாக வந்தது, நான்காம் பக்கத்தில் யார் வீட்டுச் சேவலோ கூவியதைத் தவிர. இன்னொரு முறை வாசிக்கத் தெம்பில்லாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

கணினி அறையிலிருந்து ஐந்து ஹெட்போன் இரவல் வாங்கினேன். பழைய டேப்லெட்டுகளும் ஐந்து கிடைத்தன. ஏழு பேர் முறை வைத்துக் கேட்டார்கள். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: குரல் எந்தச் சொல்லில் இருக்கிறதோ, விரலும் அந்தச் சொல்லில் இருக்க வேண்டும். அதுவரை புத்தகத்தை விசிறியாக மட்டுமே பயன்படுத்தி வந்த முகிலன், நான்காம் பக்கத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பக்கத்தை மேலும் கீழும் தேடினான். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான். என்னப்பா தேடுகிறாய் என்று கேட்டேன். அவன் பதிலைக் கேட்டுச் சிரித்துவிடாமல் இருக்க நான் பட்ட பாடு பெரிது. பிறகுதான் உறைத்தது, அவன் ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்திருந்தால் ஒழிய அப்படிக் கேட்டிருக்க முடியாது. அவன் சொன்னது இதுதான்: "எல்லாச் சொல்லும் இருக்கு டீச்சர், அந்தச் சேவல மட்டும் எங்க எழுதியிருக்காங்க?"

பக்கத்து வகுப்பின் புகார்

தைரியம் வந்துவிட்டது. அடுத்ததாக நானே ஒரு கதை எழுதி, படம் வரைந்து, நகலெடுத்துச் சின்னப் புத்தகமாகத் தைத்தேன். ஆற்றிலிருந்து ஒரு முதலை தெலுக் இந்தான் சந்தைக்குக் குடை வாங்க வருகிறது. கடைக்காரர் எத்தனை குடை வேண்டும் என்று கேட்க, முதலை யோசித்துவிட்டு, வாய்க்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று என்கிறது. பெரிய நகைச்சுவை ஒன்றுமில்லை. ஆனால் எட்டு வயதுக்கு அது போதும்.

சிக்கல் என்னவென்றால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தொடங்குவதில்லை. ஆகவே அறை நிசப்தமாக இருக்கும். திடீரென்று ஒரு மூலையில் ஒருவர் வெடித்துச் சிரிப்பார். இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு மூலையில் இன்னொருவர். பக்கத்து அறையில் கணிதம் நடத்தும் கமலா டீச்சர் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நான்காம் நாள் கையில் அடிக்கோலோடு வந்து நின்றார். என் பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் பாதிக் கதையை அவர் வகுப்புக்குக் கசியவிட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சண்டைக்குத் தயாராக எழுந்து நின்றேன். அவரோ காலியாக இருந்த ஒரு ஹெட்போனை எடுத்துக்கொண்டு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். "முதலைக்குக் குடை கிடைச்சிச்சா இல்லையான்னு தெரியாம எம் பசங்க வாய்ப்பாடு சொல்ல மாட்டேங்குறாங்க, எனக்கும் தெரிஞ்சா நல்லாருக்கும்லா."

தலைமையாசிரியர் வந்த நாள்

யாழினியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டு, அதாவது என் வகுப்பில் அவளுக்குக் கடைசி ஆண்டு. பள்ளி வேனின் எண் பலகையிலிருந்து எல்லார் பிறந்தநாள் வரை மனப்பாடமாகச் சொல்வாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் வயிறு வலிக்கும். உண்மையாகவே வலிக்கும், முகம் வெளுத்துவிடும். முதலைக் கதையை மூன்று வாரம் கேட்ட பிறகு ஒரு நாள் அவள் புத்தகத்தைத் திறந்து, விரலை வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தங்குதடையில்லாமல் வாசித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராகப் போய்த் தலைமையாசிரியரை அழைத்து வந்துவிட்டேன்.

அவர் நல்ல மனிதர்தான். ஆனால் கேட்பது வேறு, வாசிப்பது வேறு என்பது அவர் கட்சி. யாழினி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார், தலையாட்டினார். அவள் எட்டாம் பக்கத்தில் இருக்கும்போது கையை நீட்டி மெல்ல ஒரு தாளைப் பின்னுக்குத் திருப்பினார். யாழினி கவலையே படவில்லை. ஆறாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு எட்டாம் பக்கத்தைத் தொடர்ந்து சொன்னாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் இன்னும் ஒரு தாளைத் திருப்பினார். அப்போதுதான் அவள் நிறுத்திவிட்டு, அவருக்கு ஏதோ புரியவில்லை என்று இரக்கப்பட்டவள்போல் விளக்கினாள்: "ஏன் சார் பின்னாடியே போறீங்க, கதை முன்னாடிதானே போகும்."

நான் விட்ட தப்பு

அவர் கோபப்படவில்லை. பருவ விடுமுறைவரை பார்ப்போம், அதற்குள் யாழினி தெரியாத பக்கம் ஒன்றை வாசிக்காவிட்டால் ஹெட்போன்கள் கணினி அறைக்கே போகட்டும் என்று மட்டும் சொன்னார். அன்று ஈப்போ திரும்புகிற வழியெல்லாம் என்மேல்தான் கோபம். அவர் சொன்னதில் தப்பில்லை. அவள் காதால் மனப்பாடம் செய்திருக்கிறாள். விரல் சும்மா கூடவே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் புதுக் கதை ஒன்றைப் பதிவு செய்தேன். மலையிலிருந்து உருண்டு ஓடும் ஒரு டுரியான் பழத்தின் கதை. இந்த முறை ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சொல்லை வேண்டுமென்றே தப்பாக வாசித்தேன். புத்தகத்தில் 'பாலம்' என்றிருந்தால் நான் 'பழம்' என்பேன். டீச்சர் எங்கே தப்புவிடுகிறார் என்று கண்டுபிடித்து அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட வேண்டும். டீச்சரின் தப்பைக் கண்டுபிடிக்கலாம் என்றால் பிள்ளைகளுக்கு வருகிற உற்சாகம் இருக்கிறதே! ஓய்வு மணி அடித்தும் எழுந்து போக மறுத்தார்கள். யாழினி மட்டும் முதல் நாள் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். படுத்துக்கொள் என்று விட்டுவிட்டேன். மேசைமேல் தலையை வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, தலை நிமிர்ந்தது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். 'வழியில்' என்ற சொல்லை வட்டமிட்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் நான் வைத்த தப்பு அதுவல்ல. போட்டுக் கேட்டுப் பார்த்தேன். 'வளியில்' என்றுதான் வாசித்திருக்கிறேன். அவசரத்தில் நாக்கு மடங்கவில்லை. யாழினி தன் பெயரில் இருக்கும் எழுத்தை அடையாளம் கண்டிருக்கிறாள். அவள் அந்த எழுத்தின்மேல் விரலை அழுத்தியபடி கேட்டாள்: "இது என் பேர்ல வர்ற 'ழ', நீங்க வேற என்னமோ சொல்றீங்க, இது வேணும்னே விட்ட தப்பா, தெரியாம விட்ட தப்பா டீச்சர்?"

புலிக்கு ஒரு குரல்

தெரியாமல் விட்டதுதான் என்று ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து அவள் என்னை விடவில்லை. எல்லாப் பதிவிலும் என் நாக்கைத் துரத்தினாள். மற்ற பிள்ளைகளுக்கு வேறொரு குறை. முதலை, டுரியான், பூனை எல்லாமே டீச்சர் மாதிரியே பேசுகின்றனவாம். அடுத்த கதையில் ஒரு புலி வந்தது. சிம்பாங் பூலாயில் நான் காலையில் தே தாரிக் டீ குடிக்கும் கடையின் முதலாளி ரஹீம் அண்ணன் ஞாபகத்துக்கு வந்தார். அவர் கல்லாவில் நின்று ஆர்டர் சொன்னால் சாலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். புலிக்குக் குரல் கொடுக்க முடியுமா என்று கேட்டபோது, அத்தனை பெரிய ஆள் வெட்கப்பட்டார். தமிழ்ப் புத்தகம் தொட்டே பல வருஷம் ஆகிவிட்டது என்றார். ஆனாலும் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒத்திகை பார்த்தார்.

கடையின் பின்பக்கத்தில் மத்தியானம் பதிவு நடந்தது. "யார் என் குளத்தில் தண்ணீர் குடித்தது?" என்று புலி உறுமியது. அடுத்த மூச்சில், முன்பக்கம் யாரோ வந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, அதே உறுமலில் "ரொட்டி கோசோங் ரெண்டு, தே தாரிக் ஒண்ணு!" என்று உள்ளே ஆர்டர் கொடுத்தது. வெட்டி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பிள்ளைகள் அதற்குமுன் கேட்டுவிட்டார்கள், வெட்ட விடவில்லை. புத்தகத்தில் அந்த வரி இல்லையே என்று ஒருவருக்கும் பொறுக்கவில்லை. முகிலன் பென்சிலை எடுத்து, புலிப் படத்துக்குக் கீழே அதை எழுதிவிட்டான். பள்ளிப் புத்தகத்தில் கிறுக்கியதற்கு ஏசத்தான் வாயைத் திறந்தேன். பார்த்தால், எழுதச் சொன்னால் பென்சில் முனையை உடைத்துக்கொள்கிற பையன், முழு வரியை ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருக்கிறான். படம் எடுத்து ரஹீம் அண்ணனிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். "நம்ம கடை பலகைய எழுதுனவன் இதே சொல்லுல மூணு தப்பு விட்டிருக்கான் டீச்சர், இந்தப் பையன வரச் சொல்லுங்க, ரொட்டி என் கணக்கு."

இன்னொரு புத்தகம்

யாழினியின் அப்பா கல் லாரி ஓட்டுகிறார். சிம்பாங் பூலாய் மலையடிவாரத்தில் ஏற்றி, தெலுக் இந்தான் பக்கம் இறக்கிவிட்டு வருவார். ஒரு நாள் வேலை உடையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். படிக்க அனுப்பினால் காதில் எதையோ மாட்டிவிட்டு உட்கார வைக்கிறீர்களாமே என்று கேட்டார். சத்தம் போடவில்லை, ஆனால் மனிதர் கொதித்துக்கொண்டிருந்தார். நான் விளக்கமெல்லாம் சொல்லவில்லை. முதலைக் கதையை அவருடைய கைப்பேசிக்கு அனுப்பி, போகிற வழியில் கேட்டுப் பாருங்கள் என்றேன். கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை குளித்து, சட்டை மாற்றி, தலை சீவி வந்திருந்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. முதலை தெலுக் இந்தானில் கரையேறும் இடத்தை அவர் தினமும் கடந்து போகிறாராம், அதை நினைத்தால் சிரிப்பு வருகிறதாம். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார், தோட்டத்துப் பள்ளியில் நாலாவதோடு நின்றுவிட்டாராம், வாசித்துப் பழக்கமில்லாமல் எழுத்தெல்லாம் கையை விட்டுப் போய்விட்டதாம். சாயங்காலம் மகளோடு உட்கார்ந்து, கைப்பேசியில் கதையைப் போட்டுவிட்டு இருவரும் ஒரே புத்தகத்தைப் பார்க்கிறார்களாம். கடைசியில் வந்த விஷயத்தைச் சொன்னார்: "எனக்குன்னு தனியா ஒரு பொஸ்தகம் குடுங்க டீச்சர், ரெண்டு பேரு விரலும் ஒரே வரியில இடிச்சிக்கிது, அவ என்னைய ஏசுறா."

ஒயர் தொங்கிய ஹெட்போன்

விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் வந்தார். அவருடைய அறை அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தார். தேனீக்களைப் பற்றியது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. யாழினி முகம் வெளுத்தது. வயிற்றில் கைவைப்பாள் என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை. ஹெட்போன் போட்டுக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டாள். இந்தப் புத்தகத்துக்கு ஒலி கிடையாதே அம்மா என்றேன். தெரியும் என்றாள். அவர் சரி என்று தலையசைத்தார்.

எதிலும் செருகாமல், ஒயர் மடியில் தொங்க, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் தொடங்கினாள். வேகமில்லை. முதல் வரியிலேயே 'தேனீக்களின்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டாள். 'தே' என்றாள், 'னீ' என்றாள், திரும்பப் போனாள், எழுத்துகளைச் சேர்த்துப் பிடித்தாள். நான் மேசை ஓரத்தை இறுகப் பற்றிக்கொண்டிருந்தேன். நாலு இடத்தில் தடுக்கினாள், நாலு இடத்திலும் தானே எழுந்தாள். பக்கம் முடிந்ததும் யாரும் சொல்லாமல் தாளைத் திருப்பி அடுத்ததையும் வாசித்தாள். முகிலன் நாற்காலிமேல் முட்டிபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்தத் தொங்கும் ஒயரைக் காட்டி, இது எதற்கம்மா என்று கேட்டார். யாழினி சொன்னாள்: "காதுல இருந்தா பயம் வராது சார், சத்தம் நானே போட்டுக்குவேன்."

அக்காவின் வேகம்

ஹெட்போன்கள் என் வகுப்பிலேயே தங்கிவிட்டன. விடுமுறை முடிந்து வந்தபோது இன்னும் மூன்று சேர்ந்திருந்தன. எங்கிருந்து வந்தன என்று தலைமையாசிரியரைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒலிநூல் செய்யலாமே என்று கமலா டீச்சர்தான் யோசனை சொன்னார். யார் வாசிப்பது என்று நான் கேட்டு முடிப்பதற்குள் யாழினி எழுந்து நின்றுவிட்டாள். முகிலன் குவளையும் கரண்டியுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தான். சாமான் அறைக் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, நான் வாசலில் நின்று புல் வெட்டுபவரைக் கையைக் காட்டி நிறுத்திக்கொண்டிருந்தேன்.

மறு வாரம் முதலாம் ஆண்டில் அதைப் போட்டோம். ஆறேழு குட்டி விரல்கள் வரிமேல் ஓடின. முதல் வரிசையில் சுடர்விழி என்ற பெண், தன் தலைக்குப் பெரிதாக இருந்த ஹெட்போனைத் தோளால் முட்டுக்கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் கழற்றிவிட்டுச் சிணுங்கிக்கொண்டே என்னிடம் வந்தாள். யாழினி ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்த சுடர்விழியின் புகாரை ஒரு வாரம் பள்ளி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள்: "டீச்சர், இந்த அக்கா ரொம்ப வேகமா வாசிக்கிறாங்க, எம் விரலால புடிக்க முடியல."

இந்த வேலையில் பதவி உயர்வு என்று ஒன்று இருந்தால், நம் குரல் யாருக்கும் தேவைப்படாத வகுப்பறையில் ஓரமாக ஒரு நாற்காலி கிடைப்பதுதான் போலிருக்கிறது.